காலி நடைபாதையில் அடுப்பு

என் சின்னக்குட்டிக்கு,

அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் உடம்பளவில் நன்றாகத்தான் இருக்கிறோம், அவர் நெற்றியில் மட்டும் ஒரு வீக்கம், அதைப் பின்னால் சொல்கிறேன், பதறாதே. நீயும் மாப்பிள்ளையும் வேளைக்குச் சாப்பிட்டு வேளைக்குத் தூங்கி, சளி காய்ச்சல் எட்டிப் பார்க்காமல் இருக்கிறீர்கள் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன். இதைப் போனில் சொல்லக்கூடாதா என்று கேட்பாய். போன் மணி அடித்தால் அப்பா நாற்காலியை இழுத்துப்போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்துவிடுகிறார், கண் போனதிலிருந்து அவருக்குப் பாம்புக் காது. அவர் காதில் விழக்கூடாதது இதில் இருக்கிறது. அதுவுமில்லாமல் போனில் சொன்னால் நீ பாதியிலேயே சிரித்துவிடுவாய், கடிதம் என்றால் முழுக்கப் படித்துவிட்டுத்தானே சிரிக்க முடியும்.

தையல் வேலைக்குக் குறைவில்லை. ஆனால் வேலையின் போக்கு மாறிவிட்டது. முன்பெல்லாம் நம் தெருவில் யார் பேண்ட்டைக் கொண்டுவந்தாலும் இடுப்பைக் கொஞ்சம் விட்டுக் குடுங்கம்மா என்பார்கள், மடிப்பைப் பிரித்து உள்ளே கிடக்கும் துணியை வெளியே எடுத்துத் தைப்பதிலேயே என் பொழுது போகும். இப்போது வருகிறவர்கள் எல்லாரும் பிடிச்சுக் குடுங்கம்மா என்கிறார்கள். பஸ் கண்டக்டர் வந்தார், வங்கி வாசலில் நிற்கும் காவலாளி வந்தார், எதிர்வீட்டு நர்ஸ் பெண் வந்தாள், ஒருத்தர் விடாமல் இளைத்திருக்கிறார்கள். மாடி வீட்டு வக்கீலம்மா, ஜிம்முக்குக் கட்டற காசு மிச்சம், நகராட்சியே தெருவை மெலிய வெச்சிடுச்சு என்று சொல்லிச் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வேலை முடிந்து வருகிறவர்கள் நடைபாதைத் தள்ளுவண்டிகளில் நின்றபடியே ஒரு கோப்பை சூப்பும் முட்டை ரொட்டியும் வாங்கித் தின்றுவிட்டு வீட்டுக்குப் போவார்களே, அவர்கள் இப்போது எங்கே சாப்பிடுகிறார்கள் என்று யாருக்கும் தெரியவில்லை.

உன் புகாரைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. போன முறை நீ வந்தபோது அப்பாவின் காலில் வெந்த தழும்பைப் பார்த்தாய். நடைபாதையில் சூப் விற்கிற சூப்பக்கா வண்டியின் அடுப்பில் இடித்துக்கொண்டது என்று தெரிந்ததும் உட்கார்ந்த இடத்திலிருந்தே கம்ப்யூட்டரில் நகராட்சிக்குப் புகார் தட்டிவிட்டாய். பெற்ற அப்பாவின் கால் வெந்தால் எந்த மகளுக்கு வயிறு எரியாது, உன்னை நான் ஒரு சொல் குறை சொல்ல மாட்டேன். நடைபாதை நடப்பதற்குத்தான். வக்கீலம்மாவின் மருமகள் குழந்தை வண்டியைத் தள்ளிக்கொண்டு ரோட்டில் இறங்கித்தான் போவாள், எண்ணெய்ப் பிசுக்கில் வழுக்கி விழுந்தவர்களும் உண்டு, எச்சில் கோப்பைகளைத் தேடி வரும் எலிகள் நம் வீட்டுப் படிவரைக்கும் வந்தன. எல்லாம் நிஜம். நகராட்சி மேற்பார்வையாளர் வீடு தேடி வந்து, உங்க பொண்ணு குடுத்த புகார்தாம்மா எங்களுக்குக் கை குடுத்துச்சு என்று சொல்லிவிட்டுப் போனார். ஒரே காலையில் எல்லா வண்டிகளையும் லாரியில் ஏற்றிவிட்டார்கள். தண்ணீர் பீய்ச்சிக் கல்லைக் கழுவினார்கள். பளபளவென்று இருந்தது, நானே கைதட்டினேன். அப்புறம் என்ன செய்தார்கள் தெரியுமா, காலியாகத்தானே கிடக்கிறது என்று நடைபாதையின் ரோட்டோரத்துப் பாதியை வெட்டி காரும் வேனும் திரும்புவதற்குக் கொடுத்தார்கள். சுவரோரமாக ஆளுயரத்துக்கு ஒரு இரும்பு மின்பெட்டியை நட்டார்கள். நடக்கிறவர்களுக்கு மிச்சம் நடுவில் ஒரு கீற்று.

சூப்பக்கா கடை போட்டிருந்த விதம் உனக்கு மறந்திருக்கும். வண்டி ரோட்டோரம் நிற்கும், சுவரோரம் ஆள் போக வழி விட்டிருப்பாள். மற்ற கடைக்காரர்கள் மாதிரி வாங்க வாங்க என்று அவள் யாரையும் கூப்பிட்டதே கிடையாது. சட்டி கொதிக்கிற வாசனை போதாதா, நான் வேற கத்தணுமா என்பாள். அவள் வாயிலிருந்து வருவது ஒரே வார்த்தைதான், அடுப்பு. யாராவது நெருங்கி வந்தால் அடுப்பு, அடுப்பு என்று குரல் கொடுப்பாள், ஜனங்கள் தோளைத் திருப்பி ஒதுங்குவார்கள். அப்பாவின் கால் வெந்த பிறகு அவளுக்கு அவர்மேல் தனிக் கவனம். பொழுது சாயும்போது அவர் மூலையில் இருக்கிற ரேடியோக்காரர் கடைக்கு அரட்டைக்குப் போவாரே, அவருடைய கைத்தடி சத்தம் தூரத்தில் கேட்டதுமே ஆரம்பித்துவிடுவாள், அடுப்பு, அடுப்பு, இந்தப் பக்கம் சார் என்று. அவரும் சுவரோரம் ஒதுங்கிப் போய்விடுவார். லிப்ட் மெக்கானிக்காக இருந்தவர், எந்த மாடியில் எந்தக் கயிறு முனகுகிறது என்று காதாலேயே கண்டுபிடித்தவர், அவருக்கு அந்த ஒரு சொல் போதும்.

வண்டிகளை எடுத்துப் போன பிறகு ஒரு நாள் அப்பா நெற்றி புடைத்து வந்தார். இரும்புப் பெட்டியில் மோதிக்கொண்டிருக்கிறார். நடுவில் நேராகப் போகாமல் சுவரோரம் ஏன் போனீங்க என்று கேட்டேன். அடுப்புன்னு சொல்லிச்சே, ஒதுங்கினேன் என்றார். பழக்க தோஷம் என்று நினைத்துக்கொண்டு மஞ்சளும் எண்ணெயும் குழைத்துப் பூசினேன். மறுநாளும் அதே இடத்தில் அடி. அதற்கடுத்த நாள் அவருக்குத் தெரியாமல் பின்னாலேயே போனேன். தெருவிளக்கு எரியத் தொடங்கும் நேரம், நடைபாதை துடைத்துவிட்டது போல இருந்தது. அந்த இடம் வந்ததும் அப்பா ஒதுங்கினார். அவர் ஒதுங்கியதில் எனக்குப் பயமில்லை. பின்னால் வந்த கண்டக்டரும் ஒதுங்கினார். போனைப் பார்த்தபடி வந்த இரண்டு பெண்கள் தலையை நிமிர்த்தாமலே தோளைத் திருப்பிச் சுவரோரம் உரசிப் போனார்கள். கண்ணிருக்கிறவர்கள் பெட்டியைச் சுற்றிக்கொண்டு போய்விட்டார்கள், அவ்வளவுதான் வித்தியாசம். கண்டக்டரை நிறுத்தி ஏன் ஒதுங்கினீங்க என்று கேட்டேன். நானா, எங்க ஒதுங்கினேன், நேராத்தானே வந்தேன் என்று என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போனார். நான் அந்த இடத்தில் போய் நின்று பார்த்தேன். முழங்காலுக்குக் கீழே சூடாக இருந்தது. குனிந்து தொட்டால் கல் சில்லென்று இருக்கிறது, ஆனால் காலில் அனல் அடிக்கிறது. அப்பாவை இழுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

அடுத்த நாள் அப்பாவுக்கு லேசாகக் காய்ச்சல், வெளியே போகவில்லை. அதற்கு மறுநாள் அவரை ரேடியோக்காரர் வீட்டுக்கு வந்து பார்த்துக்கொண்டார், நான் நூல் வாங்கப் போவதாகச் சொல்லிவிட்டு, ரேடியோக்காரர் காதோடு சொல்லியிருந்த அடையாளத்தை வைத்து சூப்பக்கா வீட்டைத் தேடிப் போனேன். மர டிப்போவுக்குப் பின்னால் ஒரே அறை. கதவு திறந்தே கிடந்தது. வண்டியைத்தான் பறித்துக்கொண்டார்களே, அடுப்பு மட்டும் அவளிடம் இருக்கிறது, அறை நடுவில், நெருப்பில்லாமல். அதன் முன்னால் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டு, அடுப்பு, அடுப்பு என்று சொல்லிக்கொண்டிருந்தாள். கத்தவில்லை, பக்கத்தில் யாரோ வருவது போல மெதுவாக. நான் செருமியதும் திரும்பினாள். என்ன ஏது என்று கேட்கவில்லை. நேத்து சார் ஏம்மா வரலை, காய்ச்சலா என்று கேட்டாள்.

யாரும் அவளிடம் சொல்லியிருக்க வழியில்லை. அப்படியே உட்கார்ந்துவிட்டேன். பிறகு இரும்புப் பெட்டியைச் சொன்னேன், நெற்றி அடியைச் சொன்னேன், தயவுசெஞ்சு நிறுத்திடு தாயி என்று கையைப் பிடித்துக்கொண்டேன். அவள் கோபப்படவில்லை. ஐயோ, சார் மோதிக்கறாரா, எனக்குத் தெரியாதே, பொழுது சாஞ்சா வாய் தானா சொல்லுதும்மா, இனிமே சொல்லலை என்று அழுதாள். என் கண்ணெதிரிலேயே துண்டை எடுத்து வாயைச் சுற்றிக் கட்டிக்கொண்டாள். என் குடும்பத்தைக் காப்பாற்றிவிட்டேன் என்ற நிம்மதியோடு வந்தேன், அப்பாவிடம் மூச்சு விடவில்லை.

அந்தக் குரல் நின்றுதான் போனது. ஆனால் அப்பா பாதி வழியில் நின்றுவிட்டார், எந்த இடத்தில் இருக்கிறோம் என்று தெரியாமல். ரேடியோக்காரர்தான் பார்த்துக் கூட்டிவந்தார். தெரு செத்துக் கிடக்கு, எனக்கு எதுவும் பிடிபடலை என்று சோற்றைப் பிசைந்துவிட்டு எழுந்துவிட்டார். அப்படியே சில நாள். அப்புறம் ஒரு சாயங்காலம் முகமெல்லாம் மலர்ந்து, இப்ப கூப்பிடுது என்றார். யாரு என்றேன். சூப்பக்காதான், வாங்க சார் வாங்கங்குது, ஒருநாளும் கூப்பிடாதவ கூப்பிடறா, போகாம இருந்தா மரியாதையா என்று செருப்பைத் தேடினார். சின்னக்குட்டி, வண்டி நின்ற இடத்தைத்தான் ரோடாக்கிவிட்டார்களே. அவளிடம் போவதென்றால் திரும்பும் வண்டிகளுக்கு நடுவில் போக வேண்டும். நான் ஓடிப்போய்ச் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்தபோது ஒரு வேன் அவர் கைத்தடியைத் தட்டிவிட்டுப் போனது. அவர் என்னைத் திட்டினார், ஏன்டி இழுக்கறே, சூப் ஆறிடும் என்று. அவர் மூச்சில் மிளகு வாசனை அடித்தது. அன்றைக்கு எங்கள் வீட்டில் மிளகே இல்லை.

மறுபடியும் அவளிடம் போனேன், இந்த முறை ஆத்திரத்தோடு. அவள் அதே இடத்தில் வாயைக் கட்டியபடியே இருந்தாள், உதடு துண்டு பட்டு வெளுத்திருந்தது. கட்டை அவிழ்த்து, என்னடி இது, இப்ப வான்னு கூப்பிடறியாமே என்று கத்தினேன். அவளுக்குக் குரலே சரியாக வரவில்லை. நான் வாயைத் திறக்கலைம்மா, யாராச்சும் வரமாட்டாங்களான்னு மனசுக்குள்ள நினைச்சேன், அவ்ளோதான், வாயைக் கட்டிட்டேன், மனசை எப்படிம்மா கட்டறது என்றாள். வந்த கோபம் வந்த வழியே போய்விட்டது. பாவம், அவள் பயமுறுத்துகிறவள் இல்லை, தனியாகக் கிடக்கிறவள்.

இப்போது காரியத்துக்கு வருகிறேன். மேற்பார்வையாளரைப் போய்ப் பார்த்தேன், ஆவி கீவி என்று பேசாமல் நடைமுறையை மட்டும் பேசினேன். தபால் நிலையத்துக்குப் பக்கத்தில் நடைபாதை அகலம், அங்கே கோடு போட்டு இடம் ஒதுக்கலாம் என்று அவர்களே ஒரு யோசனை வைத்திருக்கிறார்களாம். உங்க பொண்ணு புகார் மேலதான் நிக்குதும்மா, அவங்க ஒரு வார்த்தை எழுதினா நாளைக்கே கோடு போட்டுடுவோம் என்கிறார். கடைகளை அப்புறப்படுத்தச் சொல்வது வேறு, வரிசையில் நிற்கச் சொல்வது வேறு. நடக்க வழி விட வேண்டும், அடுப்புக்கு மூன்று பக்கமும் தகடு வைக்க வேண்டும், தண்ணீர்க் குழாயும் குப்பைத் தொட்டியும் வேண்டும், கோட்டைத் தாண்டினால் அபராதம். இதை எழுது. வக்கீலம்மா முதலில் ஒத்துக்கொள்ளவில்லை, ஒருத்தியை விட்டா மறுபடி தெருவே சந்தையாயிடும் என்றாள், அவள் சொல்வதிலும் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் போன வாரம் அவள் மருமகள் குழந்தை வண்டியைத் தள்ளிக்கொண்டு அந்த இடம் வந்ததும் ரோட்டுப் பக்கம் திருப்பினாளாம், எதற்கென்று அவளுக்கே தெரியவில்லையாம். அதிலிருந்து வக்கீலம்மா வெளிச்சம் குறையும் முன்பே ஜன்னலைச் சாத்திவிடுகிறாள், அந்தப் பேச்சையே எடுப்பதில்லை.

நேற்றுச் சாயங்காலம் அப்பாவின் கைத்தடியை ஒளித்துவைத்துவிட்டுக் கதவைத் தாழ்ப்பாள் போட்டேன். அவர் நாற்காலியில் உட்கார்ந்து பாதத்தை மட்டும் தரையில் தேய்த்துக்கொண்டிருந்தார். நான் நர்ஸ் பெண்ணின் சட்டைக்குப் பொத்தான் வைத்துக்கொண்டிருந்தேன். தையக்காரம்மா, வாங்க, சூடா இருக்கு என்று கேட்டது. அவ்வளவு பிரியமாக என்னை யாரும் கூப்பிட்டு எத்தனை காலமாயிற்று என்று நினைத்தேன், அது நினைவிருக்கிறது. அடுத்து நினைவு வந்தபோது நான் வாசலைத் தாண்டி நடைபாதையில் நின்றுகொண்டிருந்தேன், செருப்புகூடப் போடவில்லை, கையில் ஊசி. கழுத்தில் தொங்கிய அளவு டேப்பை யாரோ பின்னாலிருந்து இறுக்கிப் பிடித்திருந்தார்கள். அப்பா. தடியில்லாமல் சுவரைத் தடவித் தடவி ஓடிவந்திருக்கிறார். நீ எங்கடி கிளம்பிட்டே, அங்க ரோடு என்றார். கண் தெரியாத மனுஷன் என்னைப் பிடித்து நிறுத்தியிருக்கிறார்.

ஆகையால் இதைப் படித்து முடித்ததும் சிரிக்காதே, எழுது. லீவு போட்டு ஓடி வரவேண்டாம், வந்தே தீருவேன் என்றால் காலையில் வந்து சேர்கிற மாதிரி வா, பொழுது சாயும் நேரத்தில் பெட்டியோடு தெருவில் நுழையாதே. ராத்திரி ஈரத்தலையோடு படுக்காதே, மாப்பிள்ளையையும் படுக்க விடாதே. நீங்கள் இரண்டு பேரும் நோய்நொடி இல்லாமல் நீண்டு நிறைந்து வாழ வேண்டும், இதற்குமேல் எங்களுக்கு ஒரு ஆசையும் இல்லை. உன் பதில் நகராட்சிக்குப் போய்ச் சேருகிறவரைக்கும் விளக்கு வைக்கும் நேரத்தில் நானும் அப்பாவும் இரண்டு பேர் மணிக்கட்டையும் அளவு டேப்பால் சேர்த்துக் கட்டிக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருப்போம். யார் இழுத்தாலும் மற்றவருக்குத் தெரியும். இரண்டு பேரும் சேர்ந்து எழுந்துவிட்டால் என்ன செய்வது என்றுதான் தெரியவில்லை.

உன் முகத்தையே நினைத்துக்கொண்டிருக்கும்,
அம்மா