அரை விரற்கடை

மார்ச் 4, திங்கள்

இன்று மூன்றாவது வகுப்பு. இருப்பதிலேயே சீக்கிரம் பிடித்துக்கொள்பவன் நான்தான் என்று டீச்சரே சொன்னார். (சொல்லவில்லை. தலையசைத்தார். அதற்கு வேறு என்ன அர்த்தம்?) டீச்சர் என்றால் கேமரா ரிப்பேர் கடை வைத்திருக்கும் பெண், என் வயதில் பாதி. திங்களும் வியாழனும் கடையின் பின்னறையில் பாடம்.

லென்ஸில் எண் சிறிதானால் துளை பெரிது என்றார். மற்ற மூவரும் முழித்தார்கள். நான் ஏன் முழிக்க வேண்டும்? கியரிலும் சின்ன நம்பருக்குத்தானே இழுவை அதிகம்? முப்பத்திரண்டு வருஷம் பஸ் ஓட்டியவனுக்கு இதெல்லாம் ஜுஜுபி.

"முழுசாத் திறந்தா முகம் மட்டும் பளிச்சுனு நிக்கும் சார், பின்னாடி எல்லாம் கரைஞ்சிடும். ஆனா தெளிவு விழற இடம் ஒரு விரற்கடைதான். ஜாக்கிரதை."

ஜாக்கிரதையாம். என்னிடம்.

மார்ச் 7, வியாழன்

அக்காவுக்குத் தேதி கொடுத்துவிட்டார்கள். பத்தொன்பதாம் தேதி காலை. காதுக்குக் கீழே இருக்கும் கட்டி முக நரம்பைச் சுற்றிக்கொண்டிருக்கிறதாம். கட்டியை எடுத்தால் நரம்பும் போகலாம். இடது பக்கம் சிரிப்பு வராமல் போகலாம்.

டாக்டர் சொன்னதைக் கேட்டுவிட்டு அக்கா வீட்டுக்கு வந்து, பாதி தைத்த திரைச்சீலையை எடுத்து வைத்துத் தைத்துக்கொண்டே இருந்தாள். மெஷின் நிற்கவே இல்லை. பிறகு திரும்பிப் பார்க்காமல் கேட்டாள்:

"டேய் சவடால், உன் கேமரா நெசமாவே வேலை செய்யுமா, இல்ல அதுவும் வாய் மட்டும்தானா?"

"என்னக்கா இப்படிக் கேட்டுட்ட?"

"ஒரே ஒரு படம் எடு. நான் சிரிக்கிற மாதிரி. எனக்கு வேணும்."

அக்காவா இது? எந்தப் படத்திலும் யார் முதுகுக்காவது பின்னால் ஒளிந்திருப்பவள். அவள் கல்யாணப் படத்திலேயே உச்சந்தலைதான் தெரியும்.

"பத்திரிகைக்காரனே என்கிட்ட வந்து சந்தேகம் கேக்குறான்" என்று சொல்லிவைத்தேன். வாய் சும்மா இருக்கிறதா?

மார்ச் 11, திங்கள்

பிளாஸ்க்கை நூறு படம் எடுத்தேன். சரி, நாற்பது. ஒன்றுகூட ஆடவில்லை. நாலைந்து தவிர.

மார்ச் 14, வியாழன்

எடுத்துவிட்டேன்! ஜன்னலோரம் நாற்காலி, முகம் லேசாகப் பக்கம் திரும்பி, எதிரே வெளிச்சத்தைத் திருப்ப வெள்ளைத் திரைச்சீலை, துளை முழுசாகத் திறந்து, அறுபத்திரண்டு படம். முதல் இருபதில் அக்கா பல் பிடுங்க வந்தவள் மாதிரி உட்கார்ந்திருந்தாள். நான் ஒருமுறை தூக்கக் கலக்கத்தில் வேறு ரூட்டில் பஸ்ஸைத் திருப்பிய கதையை அக்கா மகள் எடுத்துவிட, சிரித்தாள் பாருங்கள்! முழு முகமும் சிரித்தது.

கேமராவின் சின்னத் திரையில் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நானாடா இது?"

"பின்ன? உலகத்தரம்!"

"போதும். இனிமே கத்தி வைக்கட்டும்."

மார்ச் 18, திங்கள்

எல்லாம் போச்சு.

டீச்சர் தன் பெரிய திரையில் போட்டார். காதில் தோடு தெளிவாக இருக்கிறது. கல்லை எண்ணலாம். கண் இரண்டும் பஞ்சு. அடுத்ததும் அப்படியே. அறுபத்திரண்டும் அப்படியே. கேமரா கோளாறு என்றேன். அவர் கேமராவை என் கையில் கொடுத்துத் தன்னையே எடுக்கச் சொன்னார். நான் பட்டனை அழுத்துவதையே பார்த்தார், பிறகு படத்தைப் பார்த்தார்.

"பட்டனைப் பாதி அழுத்திக் கண்ணுல பிடிக்கிறீங்க. சரி. மீதியை அழுத்தும்போது அரை விரற்கடை முன்னாடி சாயுறீங்க சார். அதான் தெளிவு கண்ணை விட்டுட்டு காதுக்குப் போயிடுது. எப்பவும் இப்படித்தானா?"

எப்பவும் இப்படித்தான். ஸ்டியரிங்கில் உட்கார்ந்தால் ஆபத்து வரும் நொடியில் முன்னால் சாய்வேன். டிப்போவில் அதைச் சொல்லிச் சொல்லிப் பெருமைப்பட்டிருக்கிறேன். கண்ணாடியில் மூக்கு இடிக்க ஓட்டுவேன், அதனால்தான் ஒரு விபத்துகூட இல்லை என்று.

அக்காவைக் காலையிலேயே ஆஸ்பத்திரியில் சேர்த்தாகிவிட்டது. நாளைக்கு எட்டு மணிக்கு உள்ளே கொண்டுபோகிறார்கள்.

விஷயத்தைக் கேட்டதும் அக்கா மகள் ஆஸ்பத்திரி வராந்தாவில் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "மாமா, அம்மாகிட்ட சொல்லாதீங்க. சூப்பரா வந்திருக்குன்னு மட்டும் சொல்லுங்க. எவ்வளவோ சொல்லியிருக்கீங்க, இது ஒண்ணு சொல்ல மாட்டீங்களா?"

சொல்லலாம். என்னைவிட நன்றாக யார் சொல்வார்? ஆனால் கட்டு பிரித்த பிறகு படத்தைக் கேட்பாளே. அப்போது எந்த முகத்தை எடுப்பேன்? ஐயோ, அப்போ எங்கேடா போவே, சவடால்?

மார்ச் 19, செவ்வாய்

ஏழே காலுக்கு வார்டில் இருந்தேன். கேமராவோடு.

"அக்கா, படம் சரியில்ல. அத்தனையும். கேமரா மேல தப்பு இல்ல. நான்தான் சொதப்பிட்டேன்."

அக்கா என்னையே பார்த்தாள். அக்கா மகள் தலையில் கைவைத்துக்கொண்டாள்.

"இன்னொரு தரம் சொல்லு."

"நான்தான் சொதப்பிட்டேன்."

"அறுபது வருஷத்துல உன் வாயிலருந்து இதை இப்பத்தான்டா கேக்குறேன்" என்றவள், போர்வையை விலக்கிக்கொண்டு எழுந்து உட்கார்ந்தாள்.

நர்ஸ், "பத்து நிமிஷம்தான், தள்ளுவண்டி வந்துடும்" என்றார். ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டில். நான் சுவரில் முதுகை ஒட்டிக்கொண்டேன். அப்போதும் தலை முன்னால் போகிறது. அக்கா மகள் வந்து உள்ளங்கையை என் நெற்றியில் வைத்துச் சுவரோடு அழுத்திப் பிடித்தாள். "அசையாதீங்க மாமா."

அதைப் பார்த்துத்தான் அக்கா சிரித்தாள். நாலு தரம் அழுத்தினேன். வண்டி வந்துவிட்டது.

மார்ச் 20, புதன்

கட்டியை எடுத்துவிட்டார்கள். நரம்பைக் காப்பாற்ற முடியவில்லையாம்.

மார்ச் 25, திங்கள்

மூன்றாவது படத்தில் இமை முடியை ஒவ்வொன்றாக எண்ணலாம். டீச்சர் பாராட்டித் தள்ளினார். இல்லை. எழுந்துபோய் பிரிண்ட் போட்டுக் கொண்டுவந்தார்.

ஏப்ரல் 2, செவ்வாய்

படத்தைக் கொடுத்தேன். அக்கா பார்த்தாள். உறைக்குள் போட்டு பீரோவில் வைத்துப் பூட்டினாள். தப்பு செய்துவிட்டேனோ?

ஏப்ரல் 18, வியாழன்

வகுப்புக்குக் கிளம்பும்போது அக்கா கூப்பிட்டனுப்பினாள். போனால் ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கிறாள். தலை வாரியிருந்தாள். பேச்சு இன்னும் ஒரு ஓரமாகத்தான் வருகிறது.

"கேமரா இருக்கா?"

இருந்தது. நான் சிரிப்பு மிச்சமிருக்கும் வலப்பக்கமாக நின்றேன். அவள் நாற்காலியோடு திரும்பி இடது பக்கத்தை எனக்குக் காட்டினாள். வாயின் அந்த ஓரம் தொங்கித்தான் இருக்கிறது. பார்வை மட்டும் பழைய பார்வை.

"இதையும் எடுடா."

இரண்டு படம் எடுத்தேன். இரண்டும் நன்றாக வந்திருக்கின்றன. வகுப்பில் யாரிடமும் காட்டவில்லை.