வாளியில் முங்கிய போன்

என்னங்க,

நீங்கள் குளித்துவிட்டு வருவதற்குள் என் பஸ் போய்விடும். உங்கள் போன் நேற்றே போய்விட்டது. அதனால்தான் இந்தச் சீட்டு.

“இது தண்ணிக்குள்ளயே படம் எடுக்கும் மச்சான்”னு என் தம்பியிடம் பீற்றிக்கொண்டு வாளியில் முக்கினீர்களே! போன மாதம் படிக்கட்டில் விழுந்து ஓரம் விரிசல் விட்ட போன், சோப்புத் தண்ணீரைத் தாங்குமா? “வேணாங்க”ன்னு சொன்ன பாவத்துக்கு என்னோடு பேச்சில்லை.

அதைச் சார்ஜில் போடாதீர்கள். அரிசி டப்பாவில் புதைக்காதீர்கள். ஆன் செய்யாமல் ரிப்பேர் கடைக்குக் கொண்டுபோங்கள். சாப்பாடு அடுப்பு மேல் இருக்கிறது. சாவியைப் பக்கத்து வீட்டு அக்காவிடம் கொடுங்கள்.

பி.கு.: பாப்பா முதல் அடி வைத்த வீடியோ போச்சே என்றுதானே இவ்வளவு கோபம்? அதை அன்றைக்கே என் போனுக்கு அனுப்பிக்கொண்டேன். பாப்பா நடப்பதைவிட நீங்கள் அழுவதுதான் அதில் அதிகம்.