வாசனைக்கு ரெண்டு கரண்டி

பிப்ரவரி 4

என் தங்கமே,

அத்தை எழுதறேன். கடவுள் உன்னை ஒரு கொறையும் இல்லாம வச்சிருக்கணும், நான் கேக்கறது அது ஒண்ணுதான்.

நீ அனுப்பின எண்ணெய் டின் வந்து சேர்ந்துச்சு. வாசல்ல வச்சே பிரிச்சேன். பக்கத்து வீட்டு டீச்சரம்மா எட்டிப் பாத்தாங்க. "என் அண்ணன் பொண்ணு கண்டுபிடிச்சது, இரும்புல திருகு மரை வெட்டறப்ப ஊத்தற எண்ணெய், விஷமே கெடையாது"ன்னு சொன்னேன். அவங்க ஒண்ணும் கேக்கல, நானாத்தான் சொன்னேன். பெருமையை எத்தனை நேரம்தான் வாய்க்குள்ள வச்சிருக்கறது?

உங்க மாமா இருக்காரே! டின்னைத் தொறந்து மோந்து பாத்தார். "வாசனையே இல்ல, இது எண்ணெயா தண்ணியா? மரை வெட்டற டாப்பு ஓட்டைக்குள்ள ஒடைஞ்சு மாட்டிக்கிட்டா உன் மருமகளா வந்து புடுங்குவா? கொண்டு போய் சமையலுக்கு வச்சுக்க"ன்னுட்டார். முப்பது வருஷமா பட்டறையில அந்த நாத்தம் புடிச்ச கறுப்பு எண்ணெய்தான் அவருக்கு.

ஆனா அவர் கையைப் பாத்தா எனக்குச் சோறு எறங்கல கண்ணு. முழங்கை வரைக்கும் கொப்புளம், விரல் இடுக்கெல்லாம் வெடிப்பு. டாக்டரம்மா சொல்லிட்டாங்க, இன்னும் ஆறு மாசம் இப்படியே போனா பட்டறைய மூடிடணுமாம். வீட்ல உக்காந்தா அவர் அவரா இருக்க மாட்டார். நானும் நானா இருக்க மாட்டேன், அது வேற.

நீ கவலப்படாத. நான் பாத்துக்கறேன்.

உன் அத்தை


பிப்ரவரி 12

அன்பு அத்தைக்கு,

நீங்க "நான் பாத்துக்கறேன்"னு சொன்னாலே எனக்குப் பயமா இருக்கு! மாமாகிட்ட நல்லபடியா எடுத்துச் சொல்லுங்க. அந்தக் கறுப்பு எண்ணெய்ல குளோரின் சேர்ந்த சரக்கு இருக்கு. மரை வெட்டறப்ப சூடாகிப் பொகை வரும், தோல்லயும் ஊறும். என்னோடது விதையிலேருந்து எடுத்தது. டாப்பும் ஒடையாது, கையும் வேகாது. அதைத்தான் நிரூபிக்கணும்.

எங்க கம்பெனியிலேருந்து மொத்தம் ஆறு பட்டறைக்குக் கொடுத்திருக்கோம். ஆறு வாரம் கழிச்சு, கை எப்படி இருக்கு, எத்தனை டாப் ஒடைஞ்சுதுன்னு உள்ளது உள்ளபடி எழுதி அனுப்புங்க. அதை வச்சுத்தான் இந்த எண்ணெயைத் தயாரிக்கறதா, என் மூணு வருஷ வேலைய மூட்டை கட்டறதான்னு முடிவு பண்ணுவாங்க.

மாமா கைக்காகத்தான் நான் இதை ஆரம்பிச்சேன். அவர்கிட்ட சொல்லிடாதீங்க, கிண்டல் பண்ணுவார்.

உங்க வாலு


ஏப்ரல் 2

என் கண்ணுக்கு,

ஆறு வாரம் ஆச்சு. உள்ளது உள்ளபடிதான் எழுதறேன், சாமி பாத்துக்கிட்டு இருக்கு.

டாப் ஒடைஞ்சது ஒண்ணே ஒண்ணு. முன்னெல்லாம் இத்தனை நாள்ல அஞ்சு டாப்பாவது போகும். அதுவும் எவர்சில்வர்ல வெட்டறப்பதான் போச்சு, அது யார் பேச்சையும் கேக்காத உலோகம்னு மாமா சொல்றார். மரையெல்லாம் கண்ணாடியாட்டம் வழவழன்னு இருக்கு. நான் விரல விட்டுப் பாத்தேன், திட்டினார்.

ஆனா கை மட்டும் ஆறல தங்கம். கொப்புளம் கொஞ்சம் அமுங்கின மாதிரி இருந்துச்சு, மறுபடி கெளம்பிடுச்சு. தூக்கத்துலயும் சொறியறார். நான் என்ன செய்யட்டும், வேண்டாத சாமி இல்ல.

நீ மனசு ஒடைஞ்சு போயிடாத. உன்ன மாதிரி மூளை நம்ம குடும்பத்துல யாருக்கு இருக்கு? நேரத்துக்குச் சாப்புடு.

உன் அத்தை


ஏப்ரல் 9

அத்தை,

மத்த அஞ்சு பட்டறையிலயும் கை ஆறிடுச்சு. மாமாவுக்கு மட்டும் ஆறல. அஞ்சு பேருக்கு ஆறினதைச் சொல்லி, இதை ஓரமா விட்டுடலாம்னு எங்க மேனேஜர் சொன்னார். நான் மாட்டேன்னுட்டேன். ஆறு பேர்ல அதிகமா மரை வெட்டறது மாமாதான். அவர் கைக்கு ஒத்துக்கலன்னா அதை நான் மறைச்சு விக்க முடியாது.

இருபதாம் தேதி கூட்டம். "தோலுக்கு நல்லதுன்னு சொல்ல முடியல"ன்னு நானே எழுதிட்டேன்.

அழுகை வருது. ஆனா உண்மைய எழுதினீங்களே, அதுக்கு நன்றி அத்தை.

வாலு


ஏப்ரல் 13

என் தாயே,

இதை விரைவுத் தபால்ல போடறேன். போன்ல சொல்ல வாய் வரல.

தப்பெல்லாம் என்னோடது. மாமா கடைசி வரைக்கும் ஒத்துக்கவே இல்ல. காலையில பட்டறையைக் கூட்டிட்டு அவரோட எண்ணெய்க் குப்பியை நெரப்பி வைக்கறது நான்தானே? அதுல உன் எண்ணெயை ஊத்தினேன். ஆனா அவர் மூக்கு இருக்கே, வாசனை இல்லன்னா கண்டுபிடிச்சிடுவார். அதனால பழைய கறுப்பு எண்ணெயை வாசனைக்கு ஒரு கரண்டி விட்டேன். அப்படியும் சந்தேகமா மோந்து பாத்தார். ரெண்டு கரண்டி ஆக்கினேன். சின்னக் குப்பி, பாதிக்குப் பாதி அதுவே ஆயிருக்கும்.

டாப்பு எத்தனைன்னு உண்மைய எழுதின நான் கரண்டி எத்தனைன்னு எழுதல பாரு. நீ "நன்றி அத்தை"ன்னு எழுதியிருந்தியே, அதைப் படிச்சிட்டு சாமி முன்னால போய் நிக்கவே முடியல. நேரா பட்டறைக்குப் போய் அவர் முன்னால நின்னேன்.

எல்லாத்தையும் சொன்னேன். மிஷினை நிறுத்தினார். திட்டுவார்னு பாத்தேன். "ஒடைஞ்ச டாப்பை ஓட்டையிலேருந்து எடுத்துடலாம் போல, உன் வாயிலேருந்து உண்மைய எடுக்கத்தான் ஆறு வாரம் ஆகுது"ன்னார். அப்பறம் உன் லெட்டரை வாங்கிப் படிச்சார். எல்லா லெட்டரையும் கேட்டார், கொடுத்துட்டேன். எந்த வரியை ரெண்டாவது தடவை படிச்சார்னு நான் சொல்ல மாட்டேன்.

குப்பியை அவரே சோப்புப் போட்டுக் கழுவினார். கறுப்பு எண்ணெய் டின்னை வெளிய வச்சுட்டார். "இன்னொரு ஆறு வாரம் கேக்கச் சொல்லு. இந்தத் தடவை நோட்டு நான் எழுதறேன், நீ பட்டறைப் பக்கமே வராத"ன்னு எனக்கு உத்தரவு.

உன்னை மேனேஜர் ஒண்ணும் சொல்லாம இருக்கணும். என்ன தண்டனை வேணா எனக்குக் கொடு.

பாவி அத்தை


ஏப்ரல் 21

அத்தை,

கூட்டத்துல உங்க லெட்டரைப் படிச்சேன். "ரெண்டு கரண்டி"ன்னதும் மேனேஜர் மேஜையைத் தட்டிச் சிரிச்சார். ஆறு வாரம் கொடுத்துட்டாங்க. உங்களுக்குத் தண்டனை: மாமா எழுதற நோட்டை நீங்க தொடவே கூடாது!

வாலு


ஜூன் 6

என் தங்கத்துக்கு,

மாமா எழுதின நோட்டைத் தனியா அனுப்பியிருக்கேன். நான் தொடல, கவர்ல போட்டது கூட அவர்தான். அடுத்த தெரு பட்டறைக்காரர் வந்து கேட்டதுக்கு "எங்க மருமக கண்டுபிடிச்சது"ன்னார். என்னைவிட அதிகமாப் பீத்திக்கறார்.

ஒரே ஒரு கஷ்டம்தான். முன்னெல்லாம் அவர் தெருமுனையில திரும்பும்போதே எண்ணெய் நாத்தம் வீட்டுக்குள்ள வந்துடும், நான் தட்டு எடுத்து வச்சுடுவேன். இப்ப வர்றதே தெரிய மாட்டேங்குது. நேத்து நான் அடுப்புக்கிட்ட நிக்கறேன், பின்னாலேருந்து யாரோ தோளைத் தொட்டாங்க. சொரசொரப்பே இல்லாத கை.

யாரோ வேத்து ஆளுன்னு நெனச்சு அலறிட்டேன்.

உன் அத்தை