கையை எடுத்தால் நிற்கும் தாளம்

அன்புள்ள அண்ணனுக்கு,

இங்கே அனைவரும் நலம். மாமனார் வீட்டு ராஜ உபசாரத்தில் உன் இடது மணிக்கட்டு எலும்பு கூடியதோ இல்லையோ, தொப்பை கூடியிருக்கும் என்று அம்மா சொல்கிறாள். போனில் சொன்னால் பாதியிலேயே வைத்துவிடுவாய் என்பதால்தான் எழுதுகிறேன்.

நீ இல்லாத முதல் கச்சேரி ஒரு கல்யாண வரவேற்பு. உன் டிரம்ஸுக்குப் பதில் என் கீபோர்டில் இருக்கும் தாளத்தையே ஓட்டச் சொன்னார் குழுத் தலைவர். இடது கையில் சுரங்களைச் சேர்த்தழுத்தி கார்டு பிடித்தால் டிரம்ஸ், பேஸ் எல்லாம் அதுவே வாசித்துவிடும் அல்லவா? பதற்றத்தில் அதன் பேஸை அணைக்க மறந்துவிட்டேன். பேஸ் கிட்டார்காரர் ஒரு பக்கம், என் கீபோர்டுப் பெட்டி ஒரு பக்கம், ஒரே இரைச்சல். "நான் வேணா போய் சாப்பிட்டு வரட்டுமா?" என்று அவர் மேடையிலேயே கேட்டார்.

அடுத்தது பாட்டுக்கார அக்கா. இரண்டாம் சரணத்துக்கு முன்னால் கண்ணை மூடிக்கொண்டு, மனசு வந்தால்தானே ஆரம்பிப்பார்? நீ சிம்பல் தட்டில் குச்சியை லேசாக உருட்டிக்கொண்டு அவர் முகத்தையே பார்ப்பாய். பெட்டிக்கு ஏது கண்? அது பாட்டுக்குப் போய்விட்டது. அக்கா பின்னால் ஓடிப் பிடித்தார். இறங்கியதும், "உங்கண்ணன் இருந்திருந்தா இப்படி ஆகுமா?" என்றார். திட்டுதான், ஆனாலும் எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

அத்தோடு விட்டிருக்கலாம். எனக்குத்தான் ரோஷம் பொத்துக்கொண்டு வந்ததே! வீட்டில் உட்கார்ந்து நோண்டி, இடது கையை எடுத்தால் தாளம் நிற்கவும் வைத்தால் மறுபடி எழவும் வழி கண்டுபிடித்தேன். அடுத்த கச்சேரியில் அக்கா கண்ணை மூடினார், கையை எடுத்தேன். வாயைத் திறந்தார், வைத்தேன். துளி பிசகவில்லை. எல்லோரும் என்னைத் தட்டிக்கொடுத்தார்கள்.

திரும்பும்போது தலைவர், "இனிமே டிரம்ஸ் செட்டைத் தூக்கிட்டு அலைய வேண்டாம்ப்பா, வேன்ல காலை நீட்டி உட்காரலாம்" என்றார். எல்லோரும் சிரித்துக்கொண்டே தலையாட்டினார்கள். உன் பிழைப்பில் நானே மண்ணை அள்ளிப் போட்டுவிட்டேன்.

மறுநாள் அவர் வீட்டுக்கே போய், அண்ணன் வருவான் என்று அடித்துச் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை ஒத்திகைக்கு வந்தால் பார்க்கலாம் என்கிறார். வலது கை நன்றாகத்தானே இருக்கிறது? முடிந்ததை நீ வாசி, மிச்சத்தை நான் கீபோர்டில் சமாளித்துக்கொள்கிறேன். அண்ணி தடுத்தால் நான் காலில் விழுந்ததாகச் சொல்.

எப்படியாவது வந்துவிடு அண்ணா. உன் இடம் காலியாகத்தான் இருக்கிறது என்று இந்தக் கடிதத்தில் என்னால் எழுத முடிகிறது. அடுத்த கடிதத்தில் முடியுமா என்று தெரியவில்லை.

உன் வரவை எதிர்பார்க்கும்
தங்கை