அப்பா ஷூ மாட்டினால்

அன்புள்ள பெரியவளுக்கு, அம்மா எழுதுகிறேன். இங்கே மூவரும் சுகம், மழை விட்டு மாடியில் துணி காய்கிற அளவுக்குச் சுகம். நீ சுகம் என்று சொல்வதைத்தான் இனி அப்படியே நம்ப முடியாது போலிருக்கிறது. இந்த வயதில் பிரஷர் என்று டாக்டர் சொன்னதையும் தினமும் நடக்கச் சொன்னதையும் போனில் சிரித்துக்கொண்டே சொன்னாய். மாத்திரை கொடுத்திருந்தால்கூடப் போட்டிருப்பேன், நடக்க மட்டும் முடியாதும்மா, ஷூவை எடுத்தாலே வீட்டில் யாருக்கோ என்னவோ ஆகிவிட்டது மாதிரி இருக்கிறது என்றாய். நேரமில்லை என்று சாக்குச் சொல்லியிருந்தால் திட்டியிருப்பேன், இதற்கு என்ன சொல்வது?

யோசித்துப் பார்த்தால் நம் வீட்டில் யாரும் உடம்புக்காக நடந்ததே இல்லை. வேலை பார்க்கும் லிஃப்ட் கம்பெனியில் மேனேஜரோடு தகராறு என்றாலும் சரி, சித்தப்பா ஆஸ்பத்திரியில் கிடந்தபோதும் சரி, அப்பா ஒரு வார்த்தை பேசாமல் ஷூவை மாட்டிக்கொண்டு போய்விடுவார். திரும்பும்போது அவர் முகம் தெளிந்திருக்கும். அதுவரை நமக்குத்தான் திக்திக்கென்று இருக்கும். நான் பிஸ்கட் டப்பாவைத் திறந்துகொண்டு உட்காருவேன், நீங்கள் இருவரும் பக்கத்தில் வந்து கை நீட்டுவீர்கள். தம்பி இன்றும் பரீட்சை என்றால் முதலில் அந்த டப்பாவைத்தான் தேடுகிறான். அப்பாவிடம் இதைச் சொன்னேன். "வீட்டுல கத்தக் கூடாதுன்னுதானே வெளிய போனேன்" என்றார். அவர் சொல்வதும் நியாயம்தான். மறுநாள் சாயங்காலம், ஒரு பிரச்சினையும் இல்லாமலே ஷூவை எடுத்தார். நானும் கூடக் கிளம்பினேன். தம்பி புத்தகத்தை மூடிவிட்டு என்னாச்சுப்பா என்றான். "ஒண்ணும் ஆகலடா, சும்மாதான்" என்றார். அவன் நம்பவில்லை. தெருமுனைத் தையல்கடை அக்கா எங்களை ஜோடியாகப் பார்த்துப் பதறி, யாருக்கு என்ன என்று அளவு நாடாவைக் கழுத்தில் போட்டபடியே ஓடிவந்துவிட்டார். சில நாள் இப்படியே போனது. நேற்று தம்பி எதுவும் கேட்கவில்லை, வாசலில் குனிந்து தன் ஷூவைத் தேடினான். பூங்கா வரை கிரிக்கெட் பேச்சு, காது வலித்தது. திரும்பி வந்ததும் டப்பாவைத்தான் திறந்தான், அது வேறு கதை.

உப்பைக் குறை, ராத்திரி லேப்டாப் முன்னால் சாப்பிடாதே. எங்கள் இருவர் ஆயுசும் சேர்த்து நீ நன்றாக இருக்க வேண்டும். ஒன்றை மட்டும் மறக்காதே, மனசு லேசாக இருக்கிற நாளாகப் பார்த்து ஷூவை மாட்டிக்கொண்டு தெருமுனை வரை போ, அங்கிருந்து போன் செய். அப்பாதான் எடுப்பார், எடுத்ததும் என்னாச்சும்மா என்பார். ஒண்ணும் ஆகலப்பா, சும்மாதான் என்று நீ சொல்ல வேண்டும்.

உன் போனுக்குக் காத்திருக்கும்,
அம்மா