கேட்டதற்குப் பதில்

மார்ச் 4

பாப்பாவின் அம்மாவுக்கு,

நீ நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். நான் நலம் என்று எழுதக் கை வரவில்லை. வீட்டைவிட்டு நீ போய் மூன்று வருஷம். விவாகரத்துக்குச் சம்மதமா என்று கேட்டு எழுதி ஆறு மாதம். அதற்குப் பதில் போடாதவன் இன்று வேறொரு சங்கதி எழுதுகிறேன், திட்டாதே. போனில் சொல்லலாம் என்றால் டெப்போ ஓய்வறையில் எந்நேரமும் நாலு பேர் படுத்திருக்கிறார்கள். வீட்டில் போனை எடுத்தால் எனக்குப் பேச வராது, உனக்கே தெரியும்.

எனக்கு மூலம் வந்திருக்கிறது. ஆசனவாய் ஓரத்தில், வெளியே, பட்டாணி அளவில் ஒரு கட்டி. தொட்டால் உயிர் போகிறது. பக்கத்தில் ஒரு தோல் துணுக்கும் தொங்குகிறது. தொலைதூர வண்டி, நாள் முழுக்க அதன் மேலேயே உட்கார்ந்து ஓட்டுகிறேன். ஸ்கூட்டர் ட்யூப் ஒன்றில் காற்றடித்துச் சீட்டில் போட்டுக்கொண்டேன். கண்டக்டர் அதைப் பார்த்துவிட்டு, "அண்ணே, நம்ம வண்டிக்கு ஏழாவது டயர் எப்ப மாட்டுனீங்க?" என்று பயணிகள் காதுபடக் கேட்டான்.

ஆபரேஷன் என்றால் எனக்கு நடுக்கம். மார்க்கெட்டுக்குப் பின்னால் நாட்டு வைத்தியர் ஒருவர் மூலத்தில் நூல் கட்டியே உதிர வைத்துவிடுகிறாராம். லீவு போட்டுப் போகலாம் என்றிருக்கிறேன். உன்னைக் கேட்காமல் போகத் தைரியம் இல்லை.

இப்படிக்கு,
உன் வீட்டுக்காரன்


மார்ச் 8

பாப்பாவின் அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தை ஹாஸ்டல் வாசலில் நின்றபடியே பிரித்தேன். ஒருவழியாகப் பதில் வந்துவிட்டது என்று நினைத்தேன். பிரித்தால் பட்டாணி.

நூல் கட்டுகிறவரிடம் போகாதீர்கள். சீழ் பிடித்துக்கொண்டால் அப்புறம் நிஜமாகவே கத்திதான். முதலில் டாக்டரிடம் காட்டுங்கள். ரத்தம் போகிறதா என்று நீங்கள் எழுதவே இல்லை. போனால் மறைக்காமல் சொல்லுங்கள். எல்லா ரத்தமும் மூலத்தால்தான் என்று நாமாக முடிவு கட்டக் கூடாது.

இந்த அளவுக் கட்டிக்குப் பெரும்பாலும் ஆபரேஷன் தேவைப்படாது. அகலமான பேசினில் வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றிப் பத்துப் பதினைந்து நிமிடம் உட்காருங்கள், தினமும் இரண்டு மூன்று தடவை. சோப்பு வேண்டாம். தேய்க்காமல் ஒற்றித் துடையுங்கள். கீரை, பழம் நிறையச் சாப்பிடுங்கள், தண்ணீர் குடியுங்கள். முக்காதீர்கள். போனை எடுத்துக்கொண்டு போய்க் கழிவறையில் குடித்தனம் நடத்தாதீர்கள். மருந்துக்கடை ஆயின்மென்டை வாரக்கணக்கில் அப்பிக்கொள்ளவும் வேண்டாம்.

இவளுக்கு எப்படித் தெரியும் என்கிறீர்களா? பாப்பா பிறந்தபோது எனக்கும் இதேதான். தினமும் குளியலறையில் பேசினில் உட்கார்ந்திருந்தேன். துணி துவைக்கிறேன் என்று நினைத்துக்கொண்டீர்கள். நானும் சொல்லவில்லை, நீங்களும் கேட்கவில்லை. நம் வீட்டில் எல்லாமே அப்படித்தானே.

மாடியில் பெண்கள் "வார்டன், தண்ணி வரலை" என்று கத்துகிறார்கள். போக வேண்டும். நான் கேட்டதற்கும் ஒரு வரி எழுதுங்கள். காத்திருந்து காத்திருந்து அலுத்துவிட்டது.

இப்படிக்கு,
பாப்பாவின் அம்மா


மார்ச் 19

பாப்பாவின் அம்மாவுக்கு,

டாக்டரிடம் போனேன். நம் பாப்பா வயதில் ஒரு பெண். நழுவிவிடலாம் என்று எழுந்தேன், அதற்குள் என்னைக் கூப்பிட்டுவிட்டார்கள். வெட்கத்தில் சுவரையே பார்த்துக்கொண்டு படுத்திருந்தேன். "சின்ன வெளிமூலம்தான். உள்ள ரத்தம் கட்டியிருக்கு, தானா கரைஞ்சிடும். ஆபரேஷன் எதுக்கு?" என்றார். ரத்தப்போக்கு எதுவும் இல்லை. நீ எழுதியதையே சொல்லிவிட்டு, மலம் இளக ஒரு மருந்தும், சில நாளைக்கு மட்டும் ஒரு களிம்பும் கொடுத்தார். தோல் துணுக்கால் கெடுதல் இல்லையாம். சுத்தமாக, ஈரமில்லாமல் வைத்திருந்தால் போதுமாம். ரொம்ப உறுத்தினால் மட்டும், மரத்துப்போக ஊசி போட்டு அங்கேயே எடுத்துவிடலாமாம்.

"தண்ணி எவ்வளவு குடிக்கிறீங்க?" என்றார். "வண்டி எடுக்கற அன்னைக்குக் குடிக்கறதில்லைம்மா" என்றேன். நடுவழியில் நிறுத்த வேண்டிவருமே என்று டிரைவர்கள் நாங்கள் எல்லோரும் அப்படித்தான். கட்டி வந்ததும் நான் இன்னும் புத்திசாலித்தனமாக, கழிவறைக்கே போகாமல் இருக்கலாம் என்று சாப்பாட்டையும் பாதியாகக் குறைத்திருந்தேன். டாக்டர் தலையில் கை வைத்துக்கொண்டார். "அதனாலதான் இறுகிப்போயி, முக்கி முக்கி இது வந்திருக்கு. நீங்களே வரவழைச்சுக்கிட்டீங்க." ட்யூபையும் தூக்கிப் போடச் சொன்னார். அது அந்த இடத்தில் அழுத்தத்தைக் கூட்டுமாம்.

கட்டி இப்போது சுருங்கிவிட்டது. பேசினில் உட்காரும்போதெல்லாம் உன் நினைப்புதான். வந்துவிடேன். வெந்நீர் வைத்துக் கொடுக்க ஆள் வேண்டும் என்று கூப்பிடவில்லை. டூட்டி முடிந்து வந்தால் வீடு கடிக்க வருகிறது. எழுத ஆரம்பித்த பிறகு, உன்னிடம் சொல்ல இன்னும் எவ்வளவோ இருப்பதுபோலத் தோன்றுகிறது.

இப்படிக்கு,
உன் வீட்டுக்காரன்


மார்ச் 25

பாப்பாவின் அப்பாவுக்கு,

கட்டி சுருங்கியது நிம்மதி. வலி போய்விட்டது என்று பழையபடி தண்ணீர் குடிக்காமல் இருந்துவிடாதீர்கள், திரும்ப வரும்.

ஏழாவது டயரை நினைத்து நினைத்துச் சிரித்தேன். சமையல்கார அக்கா, "என்ன மேடம், தனியா சிரிக்கிறீங்க?" என்று கேட்டாள். உங்களுக்கு இவ்வளவு பேச வரும் என்று எனக்குத் தெரியாது. சிரித்து முடித்ததும் அழுகை வந்தது. இருபத்தைந்து வருஷம் சாப்பாடு போட்டுவிட்டு உங்கள் வாயையே பார்த்துக்கொண்டு நின்றவள் நான். உப்பு அதிகமா குறைவா என்றுகூட நீங்கள் சொன்னதில்லை. இந்தக் கடிதங்களில் இருப்பதில் கால்வாசி அப்போது பேசியிருந்தால் நான் பெட்டியைக் கட்டியிருக்க மாட்டேன்.

வர மாட்டேன். கோபத்தில் சொல்லவில்லை. கோபப்படுவதற்கும் தெம்பு வேண்டுமே. இங்கே வார்டன் அறையில் ஒரு கட்டிலும் ஒரு மேசையும்தான் இருக்கின்றன. ஆனால் யார் எப்போது வாயைத் திறப்பார்கள் என்று காத்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை. இதை விட்டுவிட்டு மறுபடியும் முதலிலிருந்து தொடங்க என்னால் முடியாது. உங்கள் மேல் எனக்குப் பாசம் இல்லை என்று நினைக்காதீர்கள். இருக்கிறது. களைப்பு அதைவிட அதிகம்.

நான் கேட்டதற்குப் பதில் சொல்லுங்கள். உங்களைக் கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்கிறேன்.

இப்படிக்கு,
பாப்பாவின் அம்மா


ஏப்ரல் 6

பாப்பாவின் அம்மாவுக்கு,

வலி இல்லை. சீட்டுக்குப் பக்கத்திலேயே தண்ணீர் பாட்டில் வைத்திருக்கிறேன். தேவைப்பட்டால் வண்டியை நிறுத்திவிட்டு இறங்கிப் போகிறேன். பயணிகள் முணுமுணுக்கிறார்கள், முணுமுணுக்கட்டும். தோல் துணுக்கு அப்படியேதான் இருக்கிறது. உறுத்தவில்லை, விட்டுவிட்டேன்.

உன் கடிதத்தைப் பலமுறை படித்தேன். ஏதாவது ஒரு வரியாவது தப்பாக இருக்காதா, அதைப் பிடித்துக்கொண்டு உன்னிடம் சண்டை போடலாமே என்று பார்த்தேன். கிடைக்கவில்லை.

நீ கேட்டதற்குப் பதில்: சரி. வக்கீல் சொல்கிற நாளில் வந்து நிற்கிறேன். இத்தனை மாதம் நான் எழுதாமல் இருந்தது திமிரால் இல்லை. சரி என்று எழுத மனம் வரவில்லை. இன்றும் வரவில்லை. ஆனாலும், சரி.

இப்படிக்கு,
டிரைவர்