நமக்கு வாக்கில்லாத தேர்தல்

அன்புள்ள நானா,

இன்று காலை கம்பளையில் ரயில் ஏறியதும் பக்கத்தில் இருந்தவர் பத்திரிகையை விரித்தார். புது மையின் வாசம். அமெரிக்க ஜனாதிபதித் தேர்தல் மறுபடியும் வருகிறது. வேட்பாளர்களின் படம் அரைப் பக்கத்துக்கு. "யாரு வெல்லுவாங்கன்னு நினைக்கிறீங்க?" என்று கேட்டார். தெரியாது என்று சொல்லி யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். போன தேர்தலில் இதே கேள்விக்கு என் வாய் எவ்வளவு நீண்டது என்பது உங்களுக்குத் தெரியும்.

பல வருடங்கள் கண்டிக்கு ஒரே பெட்டியில் வேலைக்குப் போனோம். உங்கள் ஆட்கள் அண்ணனைக் கூப்பிடுவதுபோல நானும் உங்களை நானா என்றே கூப்பிட்டுப் பழகினேன். நீங்கள் காணிப் படம் வரைபவர், நான் மருந்துக்கடைக்காரன். அந்தத் தேர்தல் காலம் முழுவதும் நீங்கள் அமெரிக்கச் செய்திகளைத்தான் வாசித்தீர்கள். "மொத்த வாக்கு கூடினா மட்டும் அங்க வெல்ல ஏலா, மாநிலம் மாநிலமாப் பாக்கணும்" என்று பத்திரிகை ஓரத்தில் கோடு போட்டுக் காட்டுவீர்கள். உங்கள் மகன் அங்கே தற்காலிக விசாவில் மனைவி, குழந்தையோடு இருந்தான். வெளிநாட்டவருக்குக் கதவை இறுக்குவதாகப் பேசியவர் வந்துவிடக் கூடாதே என்பது உங்கள் கவலை. எனக்கோ அந்த ஆளின் அடாவடிப் பேச்சு பிடித்திருந்தது. யார் வந்தாலும் நமக்கென்ன என்ற நினைப்பு.

தேர்தலுக்கு முந்தைய வாரம் அந்த விளையாட்டைத் தொடங்கியவன் நான்தான். பெட்டியில் இருந்தவர்களுக்குத் துண்டுக் காகிதம் கொடுத்து, வெறும் பிஸ்கட் டின்னில் வாக்குப் போடச் சொன்னேன். பேராதனை வருவதற்குள் எண்ணி முடித்து, என் ஆள் வென்றதாக எழுந்து நின்று அறிவித்தேன். கைதட்டினார்கள். அந்தக் கைதட்டல் தந்த துணிச்சலில், "நானாவோட மகன் பெட்டியக் கட்ட வேண்டியதுதான்!" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள்.

நீங்கள் சிரிக்கவில்லை. "ஒங்களுக்கு இது கிரிக்கட் மெச் மாதிரி ஈக்கும். எனக்கு அது மகன்ட வீடு" என்றீர்கள். மறுநாள் கடைசிப் பெட்டியில் ஏறினீர்கள்.

நான் அந்தப் பெட்டிக்கு நடந்து வந்து ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்டிருக்கலாம். அமெரிக்காவில் முடிவும் நான் அறிவித்தபடியே வந்துவிட, வெட்கம் கூடியது. ஸ்டேஷனில் உங்களைக் கண்டால் கைக்கடிகாரத்தைப் பார்ப்பேன். நீங்களாக வந்து பேசுவீர்கள் என்று ஐந்து மாதம் காத்திருந்தேன். பிழை செய்தவன் நான், காத்திருந்தவனும் நான்.

பிறகு ஒரு காலையில் செய்தி வந்தது. மாரடைப்பு. கடையை மூடிவிட்டு உங்கள் வீட்டுக்கு ஓடினேன். அன்றைக்கே அடக்கம், மகனால் வந்து சேர முடியாது. பிறகு வந்து தாயைப் பார்க்கவும் வழியில்லையாம். விசா புதுப்பிப்பு இழுபட்டுக் கிடந்தது, வெளியேறினால் திரும்பிப் போவது நிச்சயமில்லை.

உங்கள் மச்சான் என் கையில் போனைத் தந்தார். "கொஞ்சம் புடிங்க, மகன் வாப்பாவப் பாக்கட்டும்."

உங்கள் முகத்துக்கு நேராகப் பிடித்தேன். ஐந்து மாதம் நான் நேராகப் பார்க்காத முகம். "இன்னும் கொஞ்சம் கிட்ட, மாமா" என்றான். இரண்டு கைகளாலும் பிடித்துக் கிட்டக் கொண்டுபோனேன்.

உங்களைத் தூக்கிச் சென்ற பிறகும் அவன் போனை வைக்கவில்லை. "மாமா, வாப்பா ஒங்களோடதானே ஒவ்வொரு நாளும் போவார். கடைசியா என்ன பேசினார்?"

நம் சண்டையை நீங்கள் வீட்டில் சொல்லவே இல்லை என்பது அப்போதுதான் விளங்கியது.

"ஒன்னையப் பத்தித்தாம்பா பேசுவாரு" என்றேன்.

"என்ன சொல்வார்?"

அன்று ஏதோ சொல்லிச் சமாளித்தேன். அதிலிருந்து அவன் மாதம் ஒரு முறையாவது அழைக்கிறான், உங்களைப் பற்றிக் கேட்க. உங்கள் மனதில் இருந்திருக்கும் என்று நான் நம்புவதையெல்லாம் நீங்கள் சொன்னதாகச் சொல்கிறேன். ஒவ்வொரு முறையும் அவன் நன்றி சொல்லி அழுகிறான். அதில் ஒரு சொல்லைக்கூட நான் உங்கள் வாயிலிருந்து கேட்கவில்லை, நானா.